ஈரமுள்ள மேனேஜரின் புல்வெளி

இரக்கம் என்ற பண்பு இவ்வுலகில் இன்னும் அழியவில்லை என்பதற்கு ஆதாரம் கேட்பவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மேனேஜர் வீட்டுப் புல்வெளியை வந்து பார்க்க வேண்டும். கேட்டுக்கு வெளியே நின்றபடி பார்க்க வேண்டும். உள்ளே வந்தால் புல் மிதிபடும்.

அந்த வாரம்தான் எங்கள் அலுவலகத்தில் 'சீரமைப்பு' இனிதே நடந்து முடிந்திருந்தது. காலையில் வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மாலைக்குள் நிரந்தரமாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு மின்விசிறிக் காற்று தாராளமாகக் கிடைத்தது. இந்த நன்மையைச் செய்த மேனேஜர், எங்கள் 'மன உறுதியை வளர்ப்பதற்காக'த் தம் வீட்டுக்கு அழைத்தார். புல்வெட்டும் செயல்முறை விளக்கம். பிறகு டீ, பிஸ்கட். வராதவர்கள் மன உறுதி இல்லாதவர்களாகக் கருதப்படுவார்கள் என்றும் தெரிவித்தார். உடனே எல்லோருக்கும் உறுதி வந்துவிட்டது.

நானும், டைப்பிஸ்ட் அக்காவும், வெட்டுக்குத் தப்பிய மற்றவர்களும் சுவரோரமாக வரிசையில் நின்றோம். அரைக்கால் சட்டையணிந்த மேனேஜர் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். மண்டியிட்டுப் புல்லைத் தடவினார்.

"இன்னும் ஈரம் இருக்கு. ஈரத்துல வெட்டவே கூடாது. பாவம், அதுவே துவண்டு போய் நிக்குது. இப்பப் போய் வெட்டலாமா?"

எங்களுக்குப் புல்லரித்தது.

ஈரம் காயும்வரை பேசினார். புல்லை அறுப்பதற்கு முன் எங்களை அறுத்தார் என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். நன்றிகெட்டவர்கள்.

"பிளேடு கூர்மையா இருக்கணும். மொண்ணை பிளேடுன்னா புல்லு வெட்டுப்படாது, பிஞ்சு போகும். நுனியெல்லாம் பழுப்பாயிடும். அந்த வலியை நினைச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தோம். கணக்குப் பிரிவில் தனியாக மிஞ்சியிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் நினைத்தது புல்லைத்தானா என்பது தெரியவில்லை.

"இதுதான் ரொம்ப முக்கியம். இருக்கற உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே தடவையில எடுக்கக் கூடாது. எடுத்தா வேரே ஆடிப் போயிடும். மிச்சப் புல்லும் பிழைக்காது."

டைப்பிஸ்ட் அக்காவின் விரல்கள் மட்டுமல்ல, வாயும் வேகமானது.

"ஆபீஸ்ல ஒரே நாள்ல பாதியை எடுத்துட்டீங்களே, சார்?"

மேனேஜர் கோபப்படவில்லை. கருணையாளர்கள் கோபப்படுவதில்லை, மனசுக்குள் குறித்துவைத்துக்கொள்வதோடு சரி.

"அது வேறம்மா. புல்லுக்கு வேர் இருக்கு. ஸ்டாஃபுக்கு என்ன இருக்கு? நாற்காலிதானே?"

கை தட்டினோம். அக்காவும் தட்டினார், சற்றுத் தாமதமாக.

இயந்திரம் ஓடியது. வெட்டுப்பட்ட துண்டுகளை வார நான் குனிந்தேன்.

"அள்ளாதீங்க! அங்கேயே கிடந்து உரமாகட்டும். இத்தனை நாள் நம்மகிட்ட இருந்துச்சே, தூக்கி வெளியே போட மனசு வருமா?"

அப்போது கேட் கிறீச்சிட்டது. தபால் பிரிவு அண்ணன். 'சீரமைக்கப்பட்டவர்களில்' ஒருவர். இந்த மேனேஜர் பதவியேற்ற நாளிலிருந்து, காலைதோறும் கையெழுத்துக் கோப்பை அவர் மேசையில் வைத்தவர். அலுவலக வாசலில் காவலாளி உள்ளே விடாததால், கையில் ஒரு காகிதத்தோடு இங்கே வந்திருந்தார். புல்லைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரத்துச் செங்கல் வரிசைமேல் பாதம் பதித்து, கம்பிமேல் நடப்பவரைப் போல் தடுமாறித் தடுமாறி வந்து சேர்ந்தார்.

மேனேஜர் உருகிவிட்டார்.

"பாத்தீங்களா! யாரும் சொல்லாமலே புல்லுக்கு ஒதுங்கி வர்றாரு பாருங்க! ஏங்க, தோட்ட வேலைக்கு ஆள் தேடிட்டிருக்கேன். வர்றீங்களா?"

அண்ணனின் முகம் மலர்ந்தது. "வர்றேன் சார். பொண்ணுங்க ரெண்டும் படிச்சிட்டிருக்கு சார். நாளைக்கே வர்றேன்."

"இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?"

அண்ணன் எங்களைப் பார்த்தார். நாங்கள் புல்லைப் பார்த்தோம்.

"உங்க ஆபீஸ்லதான் சார். போன வாரம் வரைக்கும்."

"அப்படியா? அனுபவச் சான்றிதழ் இருக்கா?"

"அதுல உங்க கையெழுத்து வாங்கத்தான் சார் வந்தேன்."

மேனேஜர் காகிதத்தை வாங்கி, பரிவோடு படித்து, பரிவோடு திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியலையே. தெரியாதவருக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது? சான்றிதழ் இல்லாதவரை எப்படி வேலைக்கு எடுக்கறது? நியாயத்தை நீங்களே சொல்லுங்க."

அண்ணன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதே செங்கல் வரிசைமேல் அடி வைத்துத் திரும்பினார்.

"சார், தினமும் உங்க ரூமுக்கு வந்து நின்ன மனுஷன் சார் அவரு!" என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

"முகம் ஞாபகம் இல்லையேம்மா."

அக்கா, "அண்ணே, நில்லுங்க! நானும் வர்றேன்" என்று கூவிக்கொண்டு, புல்வெளியின் நட்டநடுவே, செருப்புக்காலோடு, விடுவிடுவென்று நடந்து வெளியேறினார்.

மேனேஜர் அலறியபடி ஓடினார். மண்டியிட்டு, மிதிபட்ட புற்களை விரலால் ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினார். அவருக்கு ஞாபகமறதி என்று எவரும் அவதூறு கிளப்ப வேண்டாம். அத்தனை புல்லிலும் அடிபட்டது எது, அடிபடாதது எது என்று அவருக்கு முகம் பார்த்தே தெரிந்திருந்தது.