செம்பொன் தீர்த்தம்

இரும்பு பொன்னாகத் தொடங்கியதிலிருந்து முத்தியால்பேட்டைக் கடைகளில் ஆணி கிடைக்கவில்லை.

விடிவதற்கு முன்பே வரிசை. கைகளில் பூட்டு, அரிவாள்மணை, சைக்கிள் செயின். ஒருவர் வீட்டுக் கம்பிக் கதவையே கழற்றி வண்டியில் ஏற்றி வந்திருந்தார். அவர் வீட்டில் இப்போது கதவில்லை. நம்பிக்கை இருந்தது.

வரிசையின் முனையில் ஒரு காலி மனை. அதில் ஒரு பாழுங்கிணறு. கிணற்றடியில் தெய்வசிகாமணி சித்தர். போன வருஷம்வரை தவளக்குப்பம் முனையில் செல்போன் கவர் விற்றவர். ஞானம் யாருக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

சித்தர் கிணற்றில் மொண்டு, அடுக்கி வைத்த ஏழு பானைகளில் மேல்பானையில் ஊற்றுவார். பானைகளில் மணல், கரி, பழைய வேட்டித் துணி. ஏழு லோகங்கள் என்பார். சேறும் சகதியுமாகப் போனது கீழே வானத்து நீலத்தில் சொட்டும். அதில் ஆணியை முக்கி எடுத்தால், ஆணி சிவந்து மின்னும்.

"இது செம்பொன். பக்தி முத்துனா பசும்பொன்."

யாருக்கும் இன்னும் முற்றவில்லை.

பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ஜொசியான் அம்மா பீரோ சாவியை முக்கி எடுத்து, "மோன் தியே, கடவுளே!" என்று நெஞ்சில் கைவைத்தார். பிரான்சிலிருக்கும் மகனுக்கும் ஒரு பாட்டில் அனுப்பினார். பிரான்சிலும் இரும்பு உண்டல்லவா.

கோவிந்தசாமியும் வரிசையில் நின்றார். மதிலுக்கு அந்தப் பக்கம்தான் அவருடைய பழைய செம்புக் கிடங்கு. எரித்த செம்புக் கம்பிகளைத் தொட்டியில் ஆசிட் தண்ணீர் விட்டுக் கழுவிப் பளபளப்பாக்கி விற்பது தொழில். கழுவிய தண்ணீரை மதிலோரக் குழியில் கொட்டுவார். குழி குடித்துக்கொண்டே இருந்தது. அது எங்கே போகிறது என்று அவர் கேட்டதில்லை. வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தச் சொல்லி அரசாங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு சார்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இப்போது வடிகட்டிய தண்ணீருக்காகக் காத்து நின்றார்.

அவருக்குப் பொன் வேண்டாம். பேரன் வேண்டும். மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஏற்கெனவே இரண்டும் பெண்கள். சம்பந்தி வீட்டில் முகம் கோணியிருந்தது.

சித்தர் கண்ணை மூடித் திறந்தார். "இரும்பே பொன்னாவுது. வயித்துல இருக்கறது ஆணாவாதா? ஒரு சொம்பு, வெறும் வயித்துல. நாளைக்கு இட்டுட்டு வா."

அன்று வாங்கி வந்த பாட்டிலை மனைவி அஞ்சலாட்சி திறந்து மோந்தாள்.

"ஏங்க, இது நம்ம தொட்டித் தண்ணியில்ல?"

"வாயக் கழுவுடி. அது தீர்த்தம்."

"எதுல கழுவறது? இதுலயா?"

கோவிந்தசாமி பாட்டிலைப் பிடுங்கி மூடி வைத்தார். மறுநாள் அவள் கண்விழிப்பதற்குள் மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மகள் சொம்பை வாயருகே கொண்டுபோனபோது கூட்டத்தைப் பிளந்துகொண்டு அஞ்சலாட்சி வந்தாள். ஒரு கையில் பக்கெட். மறு கையில் குறடு.

"கீழ வைடி அத!"

பக்கெட்டிலும் அதே நீலம். யாரிடமோ ஓர் ஆணியைப் பிடுங்கி அதில் முக்கினாள். சிவந்தது.

"இது எங்க கெடங்குல கம்பி கழுவுன தண்ணி. இதுலயும்தான் செவக்குது."

சித்தர் அசரவில்லை. "என் சக்தி மதில் தாண்டி உன் தொட்டிக்கும் பாஞ்சிருக்கு, தாயே."

கூட்டம் "ஆகா" என்றது. இரண்டு பேர் அஞ்சலாட்சியின் காலில் விழுந்தார்கள்.

"எழுந்திரு. கால் பட்ட தண்ணியயும் குடிச்சிடப் போற. இந்தக் குறடு பன்னண்டு வருஷமா எங்க தொட்டியில கெடக்குது. சாமி வர்றதுக்கு முன்னாலயே செவந்து போச்சி. ஏன் இன்னும் பசும்பொன்னாவல?"

"பக்தியில்லாத குறடு."

கூட்டம் அதற்கும் தலையாட்டியது.

அஞ்சலாட்சி கணவனின் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு காந்தத்தை எடுத்தாள். பழைய சாமான் வாங்குகிறவன் காந்தமில்லாமல் வெளியே வரமாட்டான். செம்பானாலும் பித்தளையானாலும் ஒட்டிப் பார்த்துத்தான் விலை சொல்வான். ஒட்டினால் இரும்பு. கோவிந்தசாமி சொந்த மச்சான் கொண்டுவந்த குத்துவிளக்கிலேயே ஒட்டிப் பார்த்தவர்.

ஜொசியான் அம்மாவின் சாவியில் வைத்தாள். டக். தீர்த்தம் தெளித்துச் சிவந்திருந்த கம்பிக் கதவில் வைத்தாள். டக்.

"பொன்னுல காந்தம் ஒட்டுமாங்க? உங்க தொழிலு. நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் கோவிந்தசாமியைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் சித்தரோடு போகாது. கிணற்றைக் கெடுத்தது யார் என்பதும் வந்துவிடும். மகளைப் பார்த்தார். சொம்பு இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"ஒட்டாது" என்றார். "உள்ள இரும்புதான். மேல செம்பு, முடியளவு கனம். ஆசிட் தண்ணியில கரைஞ்ச செம்பு இரும்பப் பாத்தா ஏறிக்கும். என் குழித் தண்ணிதான் கெணத்துல எறங்கிக்கீது. வெஷம்."

சொம்பை வாங்கிச் சித்தரிடம் நீட்டினார். "நீ குடி."

"இன்னிக்கு எனக்கு விரதம்."

"தண்ணிக்குமா?"

சித்தர் அதற்குள் எழுந்திருந்தார். கதவுக்காரர் அவர் காவி வேட்டியை எட்டிப் பிடித்தார். வேட்டி மட்டும் கையில் மிஞ்சியது. உள்ளே ஜீன்ஸ். ஓடுவதற்கு வசதியானது.

கோவிந்தசாமி குழியை மூடினார். கிணற்றுக்கு மூடி போட்டுப் பூட்டினார். கழுவிய தண்ணீரில் பழைய இரும்பைப் போட்டுச் செம்பைப் பிடித்தார். மணலில் வடித்து, அதே தண்ணீரில் மறுபடியும் கம்பி கழுவினார். தண்ணீர்ச் செலவு பாதியானது. வெட்கம் மட்டும் குறையவில்லை.

மகளுக்கு மூன்றாவதும் பெண். நல்ல எடை, நல்ல குரல். ஜொசியான் அம்மா பிஸ்கோத்து டப்பாவோடு பார்க்க வந்தார். தொட்டிலை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"அன்னிக்கு ஒரு வாய் குடிச்சிருந்தா ஆம்பளையா பொறந்திருக்கும், பாவம்."

அஞ்சலாட்சி குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

"குடிச்சிருந்தா நீங்க துக்கம் கேக்க வந்திருப்பீங்க மதாம். எவனாவது ஒரு சொம்ப நீட்டுனா, உள்ள இன்னா இருக்குது, எங்கேருந்து வருதுன்னு கேளுங்க. கேக்கறதுக்கு விரதம் கெடையாது."