பெயர் சொல்லக் கூடாத பச்சை அட்டை

இணையத்தில் வயது வந்தவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய சமாசாரங்களைப் பிள்ளைகள் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று மாட்சிமை பொருந்திய எங்கள் அரசாங்கம் கவலைப்பட்டது. நியாயமான கவலை. உடனே முதிர்ச்சி உறுதித் துறை என்று ஒன்றைத் தொடங்கி, முந்நூறு பேரை வேலைக்கு வைத்தது. அதுவும் நியாயமே. பிள்ளைகளின் கண்ணைப் பொத்த முந்நூறு பேராவது வேண்டாமா?

துறையின் ஏற்பாடு எளிமையானது. கணினிக்கு முகத்தைக் காட்டினால் அது வயதைக் கணிக்கும். பெரியவர் முகம் என்றால் கதவு திறக்கும். எங்கள் ஓட்டர்பரோவில் பள்ளிக்கூடப் பையன்கள் அம்மாவின் கண்மையால் மீசை வரைந்துகொண்டு முதல் நாளே உள்ளே போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டது பெரியவர்கள்தான். இங்கிலாந்து மழையில் ஊறி ஊறி இங்கே ஐம்பது வயதுக்காரர்களுக்கும் கன்னம் கொழுகொழுவென்று சிவந்து கிடக்கும். இயந்திரம் பாவம், என்ன செய்யும்?

நிராகரிக்கப்பட்டவர்களுக்குத் துறை கருணையோடு மாற்று வழி ஒன்று வைத்திருந்தது. இந்த நாட்டில் பாஸ்போர்ட் எடுக்க, நம்மை இரண்டு வருடமாவது அறிந்த கௌரவமான ஒருவர் 'இது இவர்தான்' என்று கையெழுத்துப் போட வேண்டும். பாதிரியார், பல் மருத்துவர், தலைமையாசிரியை, மருந்துக்கடைக்காரர் என்று யாராவது. அதே வழக்கத்தை இதற்கும் நீட்டினார்கள். கௌரவமானவர் தபால் ஆபீசுக்கு நேரில் வந்து, இன்னார் பெரியவர்தான் என்று வாயால் சொன்னால், இன்னாருக்குப் பச்சை அட்டை கிடைக்கும்.

அந்தரங்கத்தைக் காப்பதில் துறை மகா கண்டிப்பு. விண்ணப்பதாரரின் பெயரை எங்கும் எழுதக் கூடாது, உச்சரிக்கவும் கூடாது. அடையாளம் மட்டும் சொல்லலாம். ஆள் யாரென்று கவுண்டரில் இருப்பவருக்கு ஐயந்திரிபறத் தெரிந்த பிறகே முத்திரை விழும்.

இன்னொரு நுட்பமான விதியும் உண்டு. பச்சை அட்டை வைத்திருப்பவர் அந்த மாதிரி சமாசாரங்களைப் பார்ப்பவர். ஆகவே கௌரவமானவர் அல்ல. ஆகவே பிறருக்குச் சான்று சொல்லும் தகுதியை இழக்கிறார். முதல் வாரமே பல் மருத்துவர் தகுதியிழந்தார். அடுத்து தலைமையாசிரியை. பாதிரியார், பிரசங்கத்துக்கு ஆதாரம் திரட்ட வேண்டியிருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டார். கடைசியில் ஊரின் மொத்த கௌரவமும் என் தலையில் விழுந்தது. நான் மருந்துக்கடைக்காரன். பெயர் சௌந்தரராஜன். ஊருக்கு வந்த வருடமே என்னைச் சாண்டர்ஸ் ஆக்கிவிட்டார்கள், நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

கிளெமென்ட் டான்வர்ஸ் எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். வயது ஐம்பத்தேழு. இயந்திரத்தின் கணிப்பில் பதினைந்து. ஒரு நாள் கடைக்கு வந்து தொண்டை மாத்திரை வாங்கினார். மழையைப் பற்றிப் பேசினார். மறுபடியும் தொண்டை மாத்திரை வாங்கினார். தன் மூல வியாதியைப் பற்றி என்னிடம் விலாவாரியாகப் பேசிய மனிதர், அன்று என் முகத்தையே பார்க்கவில்லை.

"என்னங்க, அட்டையா?" என்றேன்.

"மெதுவாங்க!" என்றார். கடையில் வேறு ஈ, காக்கை இல்லை. "உங்களத்தான் நம்பி வந்திருக்கேன், சாண்டர்ஸ். ஃபிலிப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாது."

ஃபிலிப்பா கார்த் தேநீர்க் கடை நடத்துகிறவர், சர்ச் பாடகர் குழுவின் தலைவி. பாடகர் குழுவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஆர்கனின் மேலே மாட்டியிருக்கும் சின்னக் கண்ணாடியில் கிளெமென்ட் வருடக்கணக்காக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். இப்போது துணிந்து மோதிரமும் வாங்கிவிட்டாராம்.

"மோதிரம் வாங்கின கையோட அட்டை எதுக்குங்க?"

"அவங்க மாட்டேன்னுட்டாங்கன்னா?" என்றார். முன்யோசனை உள்ள மனிதர்.

எனக்குப் பாவமாக இருந்தது. இதுவரை பெண்ணிடம் வாய் திறக்காத மனுஷன், திறக்கப்போகும் நேரத்தில் மானம் போய்விடக் கூடாதே. "பயப்படாதீங்க. சட்டப்படி உங்க பேர யாரும் வாயில எடுக்க முடியாது," என்று தைரியம் சொன்னேன்.

மறுநாள் தபால் ஆபீசுக்குப் போனோம். அந்தரங்கம் கருதி விண்ணப்பதாரர் உள்ளே வரக் கூடாது என்பது விதி. ஆகவே கிளெமென்ட் வெளியே, பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு நேர் எதிரே, மழையில் நின்றார். உள்ளே நீண்ட வரிசை. கவுண்டரில் பெரில் ஓட்ஸ் அம்மாள்.

"வாங்க சாண்டர்ஸ். பேரு வேணாம். அடையாளம் மட்டும்."

"ஆம்பள. அம்பத்தேழு வயசு," என்றேன்.

"ஊர்ல பாதிப்பேர் அப்படித்தானே?"

"ஆர்கன் வாசிப்பாரு," என்று குரலைத் தாழ்த்தினேன்.

"சத்தமா சொல்லுங்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேக்கல."

"ஆர்கன் வாசிப்பாரு!"

"மெதடிஸ்ட் சர்ச்லயா, பெரிய சர்ச்லயா?"

"பெரிய சர்ச்ல."

"அங்க ரெண்டு பேர் மாத்தி மாத்தி வாசிக்கிறாங்களே."

வரிசையில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் பக்கத்து அலமாரியிலிருந்த பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் இந்த நாட்டு ஜனங்கள் எதைப் பொறுத்தாலும், நகராத வரிசையைப் பொறுக்க மாட்டார்கள்.

"வழுக்கை. காதுக்கு மேல மட்டும் கொஞ்சம் முடி," என்றார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், வாழ்த்து அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீலக் கதவு வீடு," என்றது ஒரு பெண் குரல்.

"நாய் பேரு பிஸ்கட்," என்றது இன்னொன்று.

"பேரு சொல்லக் கூடாது!" என்று பெரில் அதட்டினார்.

"நாயோட பேருங்க."

"அதுக்கு விதி இருக்கான்னு துறைகிட்ட கேக்கணும்."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் தெளிவாக வந்தது. "ரெண்டாவது பாட்டு ஆரம்பிச்சதும் பின்கழுத்து செவந்துடும். அந்த ஆளுதான், முத்திரையப் போடுங்க."

ஃபிலிப்பா. முத்திரை விழுந்தது. வெளியே கிளெமென்ட் ஒன்றும் புரியாமல் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"நீங்க போயிடாதீங்க, சாண்டர்ஸ்," என்றார் ஃபிலிப்பா. "எனக்கும் ஒண்ணு வேணும். மிஷின் என்னைப் பதினாறுன்னு சொல்லிடுச்சு." அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் தெரியவில்லை.

விண்ணப்பதாரர் உள்ளே வரக் கூடாது என்ற விதி யாருக்கும் ஞாபகம் வரவில்லை; அவருக்கும் நானே சான்று சொன்னேன். இரண்டு அட்டைகளையும் அவரே வாங்கிக்கொண்டு வெளியே போனார். ஒன்றைக் கிளெமென்டிடம் நீட்டினார். கிளெமென்டின் கழுத்து சிவப்பது உள்ளே இருந்த எங்களுக்கே தெரிந்தது. அப்படியே தெருவில் தேங்கிய மழைத் தண்ணீரில் முழங்கால் போட்டு மோதிரத்தை எடுத்தார். ஃபிலிப்பா சம்மதமாகத் தலையாட்டினார். வரிசை மிகவும் நெகிழ்ந்துபோய், ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

"ஆமா, உங்ககிட்ட அட்டை இருக்கா சாண்டர்ஸ்?" என்றார் பஸ் டிரைவர், சும்மா பேச்சுக்கு.

"எனக்கு எதுக்குங்க? நான் அதெல்லாம் பாக்கறதில்ல."

வாழ்த்து அட்டைகள் எல்லாம் அலமாரிக்குத் திரும்பின. அன்று முதல்முறையாக வரிசை ஒரு மனிதனை நேராகப் பார்த்தது.

"பாக்கறதில்லையாம்."

"அப்ப அவருக்கு வேற எங்கிருந்தோ வருது."

"அட்டை வாங்கினவங்க என்ன பாக்குறாங்கன்னு கவர்மென்டுக்காவது தெரியும். இவரு?"

வீட்டுக்கு ஓடிப்போய் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். அது என் கறுத்த முகத்தை முகமென்றே ஏற்கவில்லை, நல்ல வெளிச்சத்துக்கு வரச் சொன்னது. ஓட்டர்பரோவில் வெயிலுக்கு எங்கே போவது? திரும்பப் பெரிலிடமே வந்தேன்.

"எனக்கும் ஒரு அட்டை போடுங்கம்மா."

"தாராளமா. உங்களுக்கு அடையாளம்கூட சொல்ல வேணாம், ஊர்ல அந்த மாதிரி நீங்க ஒருத்தர்தானே. ஆனா சான்று சொல்ல கௌரவமான ஆள் வேணுமே. மத்தவங்க எல்லாரும் அட்டை வாங்கிட்டாங்க. மிச்சம் இருக்கறது நீங்கதான்."

"அப்ப எனக்கு நானே சொல்லிக்கிறேன்."

"நெருங்கின சொந்தத்துக்குச் சான்று சொல்லக் கூடாதுங்க," என்றார் பெரில் வருத்தத்துடன்.

கல்யாணம் ஜூனில் என்று நிச்சயமாயிற்று. பல் மருத்துவர்தான் மாப்பிள்ளைத் தோழன். தலைமையாசிரியை பள்ளிப் பிள்ளைகளைப் பாடப் பழக்கினார். நடத்திவைப்பது பாதிரியார். ஊரில் எல்லா வீட்டுக்கும் அழைப்பு வந்தது. எனக்கு வரவில்லை. தபாலில் எங்கேயோ தவறியிருக்கும் என்று நினைத்து, தேநீர்க் கடைக்கே போய்க் கேட்டேன்.

ஃபிலிப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க, சாண்டர்ஸ். கல்யாணத்துக்குக் கொழந்தைங்கல்லாம் வருவாங்க."