நாலு அங்குலம் உயர்ந்தவர்

வண்டி ஓட்டுகிறவர்கள் ஓர் இனம். வண்டியில் உட்கார்ந்து வருகிறவர்கள் இன்னோர் இனம். இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்ல வந்தது மூன்றாவது இனத்தைப் பற்றி: வண்டியைத் தூக்கியவர்கள். திருடியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். திருடியவருக்கு இத்தனை மனக்கஷ்டம் கிடையாது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றை வாங்கி, அதன் ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் போட்டுவிட்டு உயரமான ஸ்பிரிங் மாட்டி, அதற்கேற்ப நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டி, அதற்கேற்பப் பெரிய டயர் மாட்டி, பழைய உயரத்திலிருந்து நாலு அங்குலம் மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அது ஏன் நேராகப் போக மாட்டேன் என்கிறது என்று மிச்ச ஆயுளை விசாரணையில் கழிக்கிறாரே, அவர்.

அடையாளம் காண்பது எளிது. பேன்ட்டின் வலது முழங்கால் எப்போதும் கறுப்பாக இருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களை விசாரிப்பதற்கு முன்னால் உங்கள் வண்டி டயரை ஒரு உதை உதைத்துப் பார்ப்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் காற்றழுத்தம் பார்க்கும் கருவி. வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்ப்பார். மூன்றாவது முறை, நாம் பார்க்கிறோமா என்று பார்ப்பார். சரி, இவ்வளவு உயரமான வண்டியில் எந்தக் காட்டுக்குப் போகிறார், எந்த ஆற்றைக் கடக்கிறார்? அலுவலகத்துக்குப் போகிறார். காய்கறிக் கடைக்குப் போகிறார். வழியில் இருக்கும் வேகத்தடையை மட்டும் வேகம் குறைக்காமல் ஏறி இறங்குவார். அவர் வாழ்க்கையில் ஏறிய மலை அது ஒன்றுதான்.

தூக்கிய வண்டிக்கு நோய்கள் வரிசையாக வரும். முதலில், வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். கேட்டால், "வண்டி நேராத்தான் போகுது. ஸ்டியரிங்தான் கொஞ்சம் திரும்பியிருக்கு" என்பார். அடுத்து, வண்டி தன் இஷ்டத்துக்கு ரோட்டில் உலாவத் தொடங்கும். அதற்கு ரோடு காரணம். மூன்றாவதுதான் பெரிய நோய். அறுபதில் போகும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும்; நனைந்த நாய் உடம்பை உதறுவதுபோல வண்டியின் முன்பக்கம் முழுவதும் உதறத் தொடங்கிவிடும், ஸ்டியரிங் கையை அடித்துத் தள்ளும், ஏறக்குறைய நிற்கிற அளவுக்கு வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். இதை அவர்கள் 'ஆட்டம்' என்கிறார்கள். இரண்டு தூக்கியவர்கள் சந்தித்துக்கொண்டால், சர்க்கரை அளவைச் சொல்லிக்கொள்கிற பெரியவர்கள்போல, தத்தம் ஆட்டம் எத்தனை வேகத்தில் வருகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

நோய் தெரிந்துவிட்டது. வைத்தியம்? புதுச் சாமான் வாங்குவது. தூக்கியவர் அகராதியில் கண்டுபிடிப்பது என்ற சொல்லுக்கு மாற்றுவது என்று பொருள். முதலில் ஸ்டியரிங் டேம்பர் மாற்றுவார். அது ஸ்டியரிங்கின் நடுக்கத்தை அமுக்கும் ஒரு சின்ன ஷாக், அவ்வளவுதான். நடுங்குகிற நோயாளியின் கையை உறவினர் ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்வது மாதிரி. உறவினர் பலசாலியாக இருந்தால் நடுக்கம் தெரியாது. காய்ச்சல் அங்கேயேதான் இருக்கும். ஆனாலும் டேம்பர் பளபளவென்று நல்ல நிறத்தில் வருகிறது, கீழே குனிந்தால் கண்ணில் படுகிறது. வேறென்ன வேண்டும்?

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. வண்டி தரையில் நிற்க வேண்டும். இன்ஜின் ஓட வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கால் சுற்று திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, ஒவ்வொரு மூட்டாக விரலை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே வீணாக அசைகிறதோ அங்கேதான் வியாதி. இருபது நிமிஷ வேலை. செலவில்லை. ஆனால் இரண்டு பேர் வேண்டும். இந்த இனம் கவிழ்கிற இடமே அதுதான். ஸ்டியரிங்கை இன்னொருவரிடம் கொடுக்க அவருக்கு மனம் வராது. கீழே இன்னொருவர் கண்ணால் பார்த்ததை நம்பவும் மனம் வராது. ஆகவே இரண்டு வேலையையும் தானே செய்வார். உள்ளே உட்கார்ந்து நாலு முறை திருப்புவார், குதித்து இறங்குவார், ஓடிப்போய் அடியில் நுழைவார், பார்ப்பார். எதுவும் அசையாது. எப்படி அசையும்? அசைக்கிறவர்தான் கீழே படுத்திருக்கிறாரே!

"எல்லாம் டைட்டா இருக்கு" என்று எழுந்து வருவார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். தெருவில் அவருக்கு 'லிஃப்ட்' என்று பெயர். ஜீப்பைத் தன் கையாலேயே, தன் வீட்டு வாசலிலேயே தூக்கியவர் என்பதால் இனத்துக்குள்ளேயே உயர்ந்த பிரிவு. அவருடைய மகளுக்கு மலைமேல் இருக்கும் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. சனிக்கிழமை மாலை நாலு மணிக்குள் விடுதியில் சேர வேண்டும். லிஃப்டுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் "எதுக்குங்க இவ்வளவு உயரம்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் இப்போது பதில் கிடைத்துவிட்டது. மகள் பிறந்ததே மலைக் கல்லூரியில் சேரத்தான், ஜீப்பைத் தூக்கியதே அவளைக் கொண்டுபோய் விடத்தான் என்று தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மகள்தான் வாயைத் திறந்தாள். "அப்பா, நான் மாமா கார்ல போறேன்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முந்தின வாரம், பாலத்தின்மேல், பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஆட்டம் வந்தபோது அவள் முன் சீட்டில் இருந்தாள். பக்கத்தில் பேருந்து.

"அந்த டப்பாவிலயா?" என்றார் லிஃப்ட்.

"அந்த டப்பா நேரா போகுதுப்பா."

மனைவி இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை பத்து மணிக்கு என் தம்பி காரை எடுத்துட்டு வருவான். அதுக்குள்ள உங்க வண்டி ஆடாம ஓடுச்சுன்னா உங்களோட வர்றோம். இல்லன்னா பொண்ணும் நானும் அவன்கூட. நீங்க வாசல்ல நின்னு கை காட்டுங்க."

மகளை விடுதியில் விடப்போகிற அப்பா வாசலில் நின்று கை காட்டுவதா? அதுவும் மச்சினன் காருக்கு? லிஃப்ட் நாலு நாள் தூங்கவில்லை. முப்பத்தேழு பேர் இருக்கும் தூக்கியவர் குழுவில் கேட்டார்; நாற்பது கருத்துகள் வந்தன. டயரைப் பேலன்ஸ் செய்தார். காற்றைக் குறைத்தார், கூட்டினார். முன்சக்கரம் இரண்டையும் இணைக்கும் டை ராடை மாற்றினார். அலைன்மென்ட் கடைக்குப் போனார்.

கடைக்காரர் கேட்டார்: "அண்ணே, யாரையாவது திருப்பச் சொல்லிக் கீழ படுத்துப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு. எல்லாம் டைட்டு."

வெள்ளிக்கிழமை மாலை டேம்பரை மாற்றினார்.

"இதோட மூணு தடவை அதையே மாத்திட்டீங்க," என்றார் மனைவி. "அது என்ன மாத்திரையா, மூணு வேளை போட?"

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லிஃப்ட் பாலம்வரை போய்த் திரும்பிவந்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. மனைவி உள்ளே போய்ப் பழைய பாய் ஒன்றையும் டார்ச்சையும் எடுத்துவந்தார். பாயை வண்டிக்கு அடியில் விரித்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தார்.

"என்ன பண்றே?"

"நீங்க உக்காந்து திருப்புங்க. நான் பாக்கறேன்."

"உனக்கு இதுல என்ன தெரியும்?"

"அசையறதுக்கும் அசையாததுக்கும் வித்தியாசம் தெரியும். திருப்புங்க."

வேறு வழியில்லாமல் திருப்பினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கீழேயிருந்து குரல் வந்தது.

"இங்க குறுக்கால ஒரு கம்பி இருக்கே, அது என்ன?"

"அச்சு இடது வலது நகராம பிடிச்சு வெச்சிருக்கிற கம்பி."

"அது பிடிக்கல. நீங்க திருப்பறப்பல்லாம் இந்த முனையில போல்ட்டு டொக்கு டொக்குனு நகருது."

"அது நகராது."

"நகருதுங்க."

"முனையில இருக்கிற ரப்பர் கொஞ்சம் விட்டுக் குடுக்கும். அதப் பாத்திருப்பே."

"ரப்பர் நல்லாத்தான் இருக்கு. போல்ட்டு நகருது."

"அந்த போல்ட்டை நானே என் கையால முறுக்கினேன்!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

மகள் வாசற்படியில் பெட்டிமேல் உட்கார்ந்து சிரித்துவிட்டாள். லிஃப்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. அலைன்மென்ட் கடைக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, "ஒரு போல்ட்டால இவ்வளவு ஆட்டம் வருமா? இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார்.

"வரும்ணே," என்றார் கடைக்காரர். "அந்த போல்ட்டை எப்ப முறுக்குனீங்க? வண்டி ஜாக்கியில தொங்கறப்பவா, தரையில இறக்கின அப்புறமா?"

லிஃப்ட் அவசரமாகத் தொலைபேசியைத் தனக்கு மட்டும் கேட்கும்படி மாற்றினார்.

அந்த அவசரத்தை உங்களுக்கு விளக்கியாக வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கியதும் சக்கரங்கள் தொங்கும். அச்சு, அது நிற்க வேண்டிய இடத்தைவிடக் கீழே இறங்கியிருக்கும். அந்த நிலையில் அந்த போல்ட்டை முறுக்கினால், ரப்பரைக் கோணலாகவே பிடித்துவைத்ததாகிவிடும். பிறகு வண்டி தரையில் இறங்கி முழு பாரம் வந்ததும் ரப்பர் நிமிரப் பார்க்கும், போல்ட்டை இழுக்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும். ஆகவே முதலில் போல்ட்டைச் சும்மா மாட்டிவிட்டு, சக்கரம் நாலும் தரையில் பதிந்த பிறகுதான் இறுதியாக முறுக்க வேண்டும். தொழில் செய்கிறவர்கள் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். ஒன்றும் தெரியாதவர்களும் செய்ய மாட்டார்கள். அவர்கள் அந்த போல்ட்டைத் தொடவே மாட்டார்களே! தானே செய்து முடித்த சந்தோஷத்தில், இறக்கிப் பார்த்து அழகு பார்க்கிற அவசரத்தில், மேலேயே வைத்து முறுக்கிவிடுகிறவர் ஒருவர்தான்.

கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்தார். கழற்றிப் பார்த்தார். "நல்ல வேளை, ஓட்டை இன்னும் வட்டமாத்தான் இருக்கு. இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருந்தீங்கன்னா முட்டையாயிருக்கும்" என்றார். புது போல்ட், புது நட். வண்டி தரையில் நிற்க, நீளமான ஸ்பானரால் முறுக்கினார். ஸ்டியரிங்கையும் நேராக்கிக் கொடுத்தார். மணி ஒன்பதேமுக்கால். தெருமுனையில் மச்சினன் கார் திரும்புவது தெரிந்தது.

"வாங்க வாங்க, ஏறுங்க!" என்று சாவியோடு ஓடினார் லிஃப்ட்.

"ஒரு நிமிஷம்ப்பா," என்றாள் மகள். "முதல்ல அம்மா ஓட்டட்டும். நீங்க ஓட்டினா ஆட்டம் வந்தாலும் வரலைன்னுதான் சொல்லுவீங்க."

பாலத்துக்குப் போனார்கள். மனைவி அறுபதில், வேண்டுமென்றே, அதே பள்ளத்தில் சக்கரத்தை இறக்கினார். டப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வண்டி வகிடு எடுத்தாற்போல நேராகப் போனது. மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்த லிஃப்ட் மெதுவாகக் கையை எடுத்தார்.

"பாத்தியா," என்றார், "மூணாவது டேம்பர் நல்லா வேலை செய்யுது!"

மனைவி அதன் பிறகு ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து மச்சினனை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, சாமான்களை ஏற்றிக்கொண்டு, மலைவரை அவரேதான் ஓட்டினார். மகள் முன் சீட்டில். லிஃப்ட் பின்னால், மெத்தைக்கும் வாளிக்கும் நடுவில், காதைத் தீட்டிக்கொண்டு. "ஏதோ சத்தம் கேக்குதே, உனக்குக் கேக்குதா?" என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டார். யாருக்கும் கேட்கவில்லை.

விடுதி வாசலில் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு மாசத்துல லீவுப்பா. அதுவரைக்கும் இந்த வண்டியில எதையும் கழட்டாம, எதையும் மாத்தாம இருந்தீங்கன்னா, நீங்க ஓட்டுங்க, உங்க பக்கத்துல உக்காந்து வர்றேன்." அவர் கண் கலங்கிவிட்டது. சத்தியம் செய்தார். ஒரு வாரம் வண்டியைத் தொடவே இல்லை. இரண்டாவது வாரம் கீழே படுத்துச் சும்மா பார்த்தார். நேற்று மாலை நான் அந்தப் பக்கம் போனபோது வண்டியை ஆறு அங்குலம் தூக்குகிற ஸ்பிரிங்கின் படம் ஒன்றைத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். லீவுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் ஜீப் இல்லை. சைக்கிள்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். கடைக்காரர் நீளமான ஸ்பானரால் முறுக்கினார் என்று படித்தீர்களே, அப்போது உங்களுக்குள் ஒரு குரல், 'ஒரு போல்ட் மட்டும் காரணமாக இருக்காது, வேறு ஏதோ இருக்கிறது, இவர்களுக்குத் தெரியவில்லை' என்று முணுமுணுத்ததா? முணுமுணுத்தது என்றால், ஐயா, அம்மா, உங்களிடம் இல்லாதது வண்டி ஒன்றுதான்.