ஃப்ளாப்பி அண்ணன் டைரக்டர் ஆன கதை

உலகத்திலேயே கம்ப்யூட்டரை ‘வாங்க, போங்க’ என்று மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே ஆசாமி எங்கள் ஃப்ளாப்பி அண்ணன்தான். இதில் யார் என்னோடு பந்தயம் கட்டினாலும் தோற்றுப்போவார்கள்.

தொண்ணூறுகளில் போத்தனூர் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் ஸ்டெனோ, அவர் கம்ப்யூட்டர் மேனேஜர். சட்டைப் பையில் எப்போதும் நாலு ஃப்ளாப்பி இருக்கும். அவருடைய ஏசி ரூமுக்குள் செருப்போடு ஈ, காக்கை நுழைய முடியாது. ஒருநாள் முதலாளியே ஷூவோடு வந்துவிட்டார். “ஏனுங்க, தூசி பட்டா மெஷினுக்குச் சளி புடிச்சுக்குமுங்க” என்று வாசலிலேயே மறித்தார் அண்ணன். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஷூவைக் கழற்றினார். சாக்ஸில் பெரிய ஓட்டை. நாங்களெல்லாம் அவசரமாகச் சுவரைப் பார்த்தோம்.

மெஷின் மக்கர் செய்தால் அண்ணன் திட்டவே மாட்டார். “ஏஞ்சாமி, காலையில நல்லாத்தானுங்களே இருந்தீங்க?” என்று மானிட்டரைத் தடவிக் கொடுப்பார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதுவும் ஓடும்!

அந்த வருடம்தான் தொழிலாளர் வருகையைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அதிலிருந்து வந்த முதல் லிஸ்டில், ஓயாமல் லீவு போடுவதாக நாற்பது பேர். அவர்களை வேலையை விட்டு அனுப்பப் போர்டு மீட்டிங் கூடியது. எங்கள் போர்டு என்றால் முதலாளி, அவருடைய மச்சான், சித்தப்பா, சம்பந்தி வகையறா. முதலாளி வாயைத் திறக்குமுன்பே எல்லோரும் தலையாட்டுவார்கள், பிறகு போண்டா வரும். நான் மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது பெயர் என் அக்கா வீட்டுக்காரர். ஏதாவது பேசினால் என் வேலையும் போய்விடும். தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டேன்.

அப்போது, யாரும் கூப்பிடாமலே வெறுங்காலோடு அண்ணன் உள்ளே வந்தார்.

“லிஸ்டு தப்புங்க.”

“கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதுன்னு நீதானய்யா சொன்னே?” என்றார் முதலாளி.

“கம்ப்யூட்டரு அவங்க ஒண்ணும் பண்ணலீங்க. நாந்தானுங்க தப்பாச் சொல்லிக் குடுத்துப்போட்டேன். இந்த நாப்பது பேரும் பகல்ல தோட்டத்தப் பாக்கறவங்க. எப்பவும் ராத்திரி ஷிப்டுதான் கேட்டு வாங்குவாங்க. உள்ள வரப்ப ஒரு தேதி, வெளிய போறப்ப மறு தேதி. அத நான் சொல்லாம விட்டதுல, வேலை செஞ்ச நாளெல்லாம் லீவாயிப்போச்சுங்க. ஆளை அனுப்பறதுன்னா என்னைய அனுப்புங்க.”

பாதித் தலையாட்டலில் சம்பந்தி நின்றுபோனார். முதலாளி லிஸ்டைக் கிழித்துப்போட்டு, “வெளிய போய்யா” என்றார்.

அண்ணன் மேஜையைக் காலி செய்தார். மெஷினிடம் போய், “வாரேனுங்க, உடம்பப் பாத்துக்கங்க” என்று சொல்லிக்கொண்டார். அப்போதுகூட எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

மறுநாள் காலை முதலாளி ஆளனுப்பிக் கூப்பிட்டார். “சரீங்கறதுக்கு என்ற சொந்தக்காரங்க இத்தன பேரு இருக்கறாங்க. தப்புன்னு சொல்ல ஒருத்தருமில்ல. நீ போர்டுல டைரக்டரா வந்து உக்காரு கண்ணு.”

பிற்பாடு ஈரோடு, திருப்பூர் என்று எத்தனையோ கம்பெனிகள் அவரை டைரக்டராகக் கூட்டிப்போயின. ஆனால் எங்கள் மில்லில் டைரக்டரான முதல் நாள் அவர் மீட்டிங் ரூமுக்குப் போகவில்லை. ராத்திரி ஷிப்ட் விடும் நேரத்துக்கு மில் கேட்டில் போய் நின்றுகொண்டார்.

“என்ற கையப் புடிச்சுக்கிட்டு, ‘மன்னிச்சுப்போடுங்க’ன்னாரு மாப்ள. நாப்பது பேர்கிட்டயும் சொல்லிப்போட்டுத்தான் போனாரு” என்றார் அக்கா வீட்டுக்காரர்.

மூலையில் பேசாமல் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் நான். அந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எழுந்து நிற்கத்தான் தோன்றுகிறது.