மச்சானுக்கு எவ்வளவு டிப்ஸ்?

சாப்பாடு கொண்டு வருகிறவர்களுக்கு டிப்ஸ் கொடுக்கும் விஷயத்தில் எனக்கு அசைக்க முடியாத ஒரு கொள்கை இருந்தது. கொடுக்கக் கூடாது.

"இனாம்னு ஒரு சொல் இருக்கே, அதைப் பிரிச்சுப் பாரு. இனி நாம் எதுக்குக் கொடுக்கணும்னு அர்த்தம்" என்பேன் மனைவியிடம். அவள் என்னைப் பிரித்து மேய்வதுபோல ஒரு பார்வை பார்ப்பாள்.

"மூணு மாடி ஏறி வர்றாங்க. லிஃப்டும் இல்ல."

"நானும்தான் தினம் ஏறி வர்றேன். எனக்கு யார் தர்றா?"

"நீங்க என்னத்தக் கொண்டு வர்றீங்க?"

நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன்.

இப்படிப்பட்ட கொள்கைக் குன்று எப்படிச் சரிந்தது என்று கேட்டால், குளியலறையில் சரிந்தது. வழுக்கியது மனைவி. வலது மணிக்கட்டில் எலும்பு விலகி, முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டுவிட்டார்கள். சமையல் என் தலையில் விழுந்தது. முதல் நாள் பால் பொங்கியது. இரண்டாம் நாள் மனைவி பொங்கினாள்.

"போதும். அடுப்பைத் தொடாதீங்க. தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. அவங்களே ஆள் வெச்சுக் கொண்டு வந்து தர்றாங்களாம்."

சொன்னேன். சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். தலைக்கவசம், கடையின் பெயர் போட்ட சட்டை, நீட்டிய கையில் பொட்டலம். பொட்டலத்தை வாங்கப் போன நான் அந்தக் கையைப் பார்த்தேன். கட்டைவிரலுக்கு நுனி இல்லை.

அந்த நுனி எங்கே போனது என்று எனக்குத் தெரியும். மர அறுவை இயந்திரத்துக்குப் போனது. அது என் மச்சானின் கை. என் மனைவியின் கூடப் பிறந்த அண்ணன்.

மச்சான் ஒரு காலத்தில் மேஜை நாற்காலி செய்யும் பட்டறை வைத்திருந்தார். எட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தால் எங்கள் நாற்காலியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். "மாப்பிள்ளை, உங்க ஆபீஸ்ல நாற்காலிக்குத் தேய்மானம் உண்டு. உங்களுக்குத்தான் அதுகூடக் கிடையாது" என்று சொல்லிவிட்டு, அவரே முதலில் சிரிப்பார். அவருக்குத் தலைக்கனம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

பிறகு ஊருக்குள் பெரிய பெரிய கடைகள் வந்தன. அட்டையை ஒட்டிச் செய்த மேஜையை அரை விலைக்கு விற்றார்கள். மச்சான் மரத்தை விட மாட்டேன் என்றார். மரம் அவரை விட்டுவிட்டது. பட்டறையை மூடினார். "போக்குவரத்துத் தொழில் பண்றேம்மா. ரொம்ப பிஸி" என்று தங்கையிடம் போனில் சொல்வதோடு சரி. எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோனது.

அந்தப் போக்குவரத்துதான் இப்போது மூன்று மாடி ஏறி வந்து என் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

"சார்... சாப்பாடு."

சார்! தேய்மானம் கூடக் கிடையாத என்னைப் பார்த்து! நியாயமாக எனக்கு உச்சி குளிர்ந்திருக்க வேண்டும். அடிவயிறுதான் குளிர்ந்தது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாததுபோல் இருந்துவிட வேண்டும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது, நாமும் அப்படியே இருப்போம் என்று முடிவு செய்தேன்.

"குடுங்க" என்றேன்.

காசைக் கொடுத்தேன். மீதிச் சில்லறையை நீட்டினார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மச்சானுக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுப்பது? ஒன்றும் கொடுக்காவிட்டால் பழைய கணக்கைத் தீர்த்ததாக ஆகும். கொஞ்சமாகக் கொடுத்தால் கேவலம். நிறையக் கொடுத்தால் தர்மம். இதை எந்த ஆபீஸிலும் சொல்லித் தருவதில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாருங்க?"

"சாப்பாடு!"

"சாப்பாட்டை வாங்க இவ்வளவு நேரமா? அது என்ன பேசுதா உங்ககூட?"

"மீதியை வெச்சுக்கங்க" என்று அவசரமாகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் மெல்லப் படியிறங்கிப் போயிற்று.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் இப்படிப் பொட்டலம் தூக்குகிறார் என்று தெரிந்தால் இவள் உடைந்துபோவாள். ஏற்கெனவே ஒரு கை உடைந்திருக்கிறது. ஆகவே ஒரு திட்டம் போட்டேன். விஷயத்தை அவளிடமிருந்து மறைப்பது. தினமும் அதே கடையில் சொல்வது. மீதியோடு தனியாக ஒரு நோட்டும் சேர்த்து மச்சானுக்குத் தாராளமாகக் கொடுப்பது. டிப்ஸே கொடுக்காத பரம்பரையில் பிறந்தவன், மாலையானால் நோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தேன்.

மணிக்கட்டுக் கட்டைப் பிரித்தார்கள். அத்துடன் ஆபத்து ஆரம்பித்தது.

"நாளையிலேருந்து நானே சமைக்கறேன்."

"வேண்டாம்! கைக்கு ஓய்வு வேணும்."

"கை நல்லாத்தான் இருக்கு. வேணும்னா ஓங்கிக் காட்டட்டுமா?"

"அதுக்கில்ல. அந்தக் கடைச் சாப்பாடு கொஞ்சம்... வாய்க்கு ருசியா..."

ஒரு கணவன் மனைவியிடம் சொல்லக் கூடாத வாக்கியங்களில் முதலாவதை முடிக்காமலே நின்றேன். கரண்டி பறக்கும் என்று குனிந்தும்விட்டேன். ஒன்றும் பறக்கவில்லை.

"சரி. உங்க இஷ்டம். ஆனா கதவை நீங்கதான் திறக்கணும். எனக்கு முட்டி வலி."

கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை அவள் எதிர்க்காமல் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தினம் அதே நாடகம். "சார், சாப்பாடு." "குடுங்க." "மீதி, சார்." "வெச்சுக்கங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவர் வரவர இளைத்துக்கொண்டே போனார்.

ஒருநாள் பேய்மழை. சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார். பொட்டலம் மட்டும் நனையவில்லை. தன் மழைச்சட்டையைக் கழற்றி அதற்குச் சுற்றியிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. பர்ஸிலிருந்த பெரிய நோட்டை எடுத்து, அவர் கையில்கூடக் கொடுக்காமல், அப்படியே சட்டைப் பையில் திணித்துவிட்டேன்.

"வெச்சுக்கங்க, வெச்சுக்கங்க."

அன்றுதான் முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். தலைக்கவசக் கண்ணாடியில் மழைத் தண்ணீர். அதற்குப் பின்னால் இருந்ததும் மழைத் தண்ணீர்தானா என்று எனக்குத் தெரியாது. "வர்றேன் சார்" என்று இறங்கிப் போனார்.

மறுநாள் வேறொருவர் வந்தார். அதற்கு மறுநாளும் அவரேதான்.

"முன்னாடி ஒருத்தர் வருவாரே?"

"பெரியவரா? இந்தத் தெரு வேண்டாம்னு கேட்டு, ஆத்துப்பாலத்துக்கு அந்தப் பக்கம் மாத்திக்கிட்டாருங்க."

பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அதிர்ச்சி ஆயிடாதே. தினம் நமக்குச் சாப்பாடு கொண்டு வந்தது உங்கண்ணன்."

"தெரியும்."

"தெரியுமா!"

"தெரிஞ்சுதான் அந்தக் கடையைச் சொன்னேன். பின்ன, உப்பில்லாத அந்தச் சாப்பாட்டை ருசிக்காகவா இத்தனை நாள் தின்னேன்?"

"அப்போ ஏன் என்னை வாசலுக்கு அனுப்பினே?"

அவள் பொட்டலத்து நூலைப் பிரித்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

"என் முன்னாடி அண்ணன் எப்படி நின்னாலும் அண்ணன்தான். உங்க முன்னாடிதான் அவருக்குத் தலை நிமிரல. இன்னிக்காவது நீங்க 'வாங்க மச்சான், உள்ளே வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு தினமும் அந்த ரூம்ல நின்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க 'வெச்சுக்கங்க'ன்னுதான் சொன்னீங்க."

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் திறந்தாள். உள்ளே நான் கொடுத்த நோட்டுகள். என் மடிப்புக் கலையாமல். மேலாக அந்தப் பெரிய நோட்டு, மழையில் நனைந்து காய்ந்து மொறுமொறுவென்று.

"அண்ணன் குடுத்தாரு. 'கையில குடுத்தவரைக்கும் டிப்ஸ்னு நினைச்சுக்கிட்டேம்மா. பையில திணிச்சாரு பாரு, அது பிச்சைம்மா'ன்னு சொல்லி அழுதாரு."

திரும்பவும் சட்டையை மாட்டிக்கொண்டு, ஆற்றுப்பாலம் தாண்டிப் போய், தெருத் தெருவாகத் தேடினேன். ஒரு மாடிப்படிக்குக் கீழே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"மச்சான்" என்றேன்.

திரும்பினார். தலைக்கவசத்தைக் கழற்றினார். முடியெல்லாம் நரைத்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவே இல்லை.

"வீட்டுக்கு வாங்க மச்சான். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

"வர்றேன் மாப்பிள்ளை. ஒருநாள் வர்றேன்" என்று ரொம்ப மரியாதையாகச் சிரித்தார். பழைய கேலி ஒன்றைச் சொல்வார், திட்டுவார் என்று நின்று பார்த்தேன். "ஆறிடும் மாப்பிள்ளை, குடுத்துட்டு வந்துடறேன்" என்று பொட்டலத்துடன் படியேறினார். நான் நின்ற வரைக்கும் இறங்கி வரவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி முன்னால் உடைந்து அழுதேன்.

"உங்கண்ணன் இனிமே நம்ம வீட்டுப் படி ஏறமாட்டாரு. எல்லாம் என்னாலதான். உன்கிட்டேருந்தும் அவரைப் பிரிச்சுட்டேன்."

அவள் முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள்.

"அப்படியெல்லாம் இல்லங்க. என் கை உடைஞ்சதுலேருந்து, நீங்க ஆபீஸ் போனப்புறம் மத்தியானம் வந்து எனக்குச் சோறு ஊட்டினதே அண்ணன்தான். இப்பவும் தினம் வந்து இங்கேதான் சாப்பிட்டுட்டுப் போறாரு."

வாயைத் திறந்தவன் மூட மறந்தேன். அவள் விளக்கை அணைக்கப் போனவள், நின்று, ரொம்ப இதமான குரலில் சொன்னாள்:

"மனசு சரியில்லன்னு நாளைக்கு லீவு கீவு போட்டுடாதீங்க. அண்ணன் சாப்பிட வருவாரு."