கோணல் ஸ்டியரிங்கும் தாய்மாமன் சீரும்

வண்டி ஓட்டத் தெரிந்தவனுக்கு வண்டியைப் பிரிக்கவும் தெரியும் என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். பிரிக்க நிஜமாகவே தெரியும். (மாட்டுவதுதான் வேறு பாடம்.)

கள்ளக்குறிச்சியில் எனக்குப் பிளாஸ்டிக் சாமான் கடை. சரக்கு ஏற்ற ஒரு பழைய பிக்கப் வண்டி. அக்காவைக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் கொடுத்திருக்கிறோம். அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் நான் ஒருவன்தான். "பொறந்த வூட்டு லட்சணம் சீர் வரும்போது தெரியும்" என்று அக்காவை அவள் மாமியார் குத்திக்கொண்டே இருந்தாராம். அக்கா போனில் அழாத குறையாகச் சொன்னாள்: "டேய், மேளச் சத்தத்தோட வந்து எறங்குடா. என் மானத்த வாங்கிடாத."

மலை ஏற வேண்டுமே என்று முதல்நாள் வண்டிக்கு வீல் அலைன்மென்ட் பார்த்தேன். வண்டி நூல் பிடித்தாற்போல நேராகப் போனது. ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. அலைன்மென்ட் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"சக்கரம் நேராத்தான் இருக்குதுங்க. கீழ சக்கரத்தைத் திருப்புற டைராடு கம்பியக் கொஞ்சம் முறுக்கினா ஸ்டியரிங் நடுவுக்கு வந்துடும். விசேஷம் முடிச்சிட்டு வாங்க, செஞ்சு தரேன். நீங்க எதையும் கழட்டாதீங்க."

அப்படியே ஓட்டிக்கொண்டு போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கோணல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சீர் கொண்டுபோவதா? சகுனம் என்ன ஆவது? என் மனைவியின் தம்பி செல்வம் அதற்குள் ஸ்பேனரோடு வந்துவிட்டான். செல்போனில் வீடியோ பார்த்தே மெக்கானிக் ஆனவன்.

"இன்னா மாமா, இதுக்குப் போய்க் கவலப்பட்டுக்கினு! நடு நட்ட கழட்டு, ஸ்டியரிங்க உருவு, நேரா வச்சு முடுக்கு. தீந்துச்சு!"

நட்டு கழன்றது. ஸ்டியரிங் அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, குலசாமியைக் கூப்பிட்டு இழுத்தேன். டப்பென்று உருவிக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கைக் குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு சீட்டில் மல்லாந்தேன். ஹாரன் ஒயரும் அறுந்து கூடவே வந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அதைவிடப் பெரிய கூத்து, கடை ஓரமாக நின்ற வண்டியின் முன்சக்கரம் ஒரு பக்கமாகத் திருப்பி ஒடித்த நிலையில் இருந்தது. குனிந்து பார்க்க எந்தப் புத்திசாலிக்கும் தோன்றவில்லை. கண்ணுக்கு நேராக ஸ்டியரிங்கை வைத்து இறுக்கி முடுக்கினோம். செல்வம் தூரமாக நின்று ரசித்துவிட்டு, "சூப்பரா கீது மாமா" என்றான்.

காலையில் தெரிந்தது சூப்பர். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி புளியமரத்தைப் பார்த்துப் போனது. பின்னால் சீர்த்தட்டுகளுக்கு நடுவே நாயனக்காரரோடு உட்கார்ந்திருந்த தியாகதுருகத்துத் தவில்காரர் கோவிந்தன், "யோவ், மேளத்துக்குக் கூப்ட்டியா, பாடைக்குக் கூப்ட்டியா?" என்று கத்தினார்.

"மாமா, கோணலா புடி! அப்பதான் நேரா போவும்!" என்றான் செல்வம்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதும் முதல் வளைவு. ஹாரனை அமுக்கினேன். மூச்சே இல்லை. எதிரே எவன் வருகிறான் என்று தெரியாமல் எப்படித் திரும்புவது? திரும்பி வீட்டுக்குப் போனால் அக்காவின் கதி? செல்வம்தான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"கோவிந்தண்ணே, வளைவு வருது! அடிங்க!"

அடித்தார். உயிர்ப்பயத்தில் அடித்த அடி அது. அதன்பின் ஒவ்வொரு வளைவுக்கும் செல்வம் கதவைத் தட்டுவான், அவர் தவிலைப் பிளப்பார். எதிரே வந்த பஸ் டிரைவர் சாமி ஊர்வலம் என்று நினைத்து ஓரம் கட்டினார். ஜன்னலோரம் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். செல்வம் கையைத் தூக்கி ஆசீர்வாதம் வேறு செய்தான், படுபாவி.

அக்கா வீட்டு வாசலில் இறங்கியபோது கோவிந்தனுக்குக் கை தூக்க முடியவில்லை. குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "இனிமே அடிச்சா உசுரு போயிடும்" என்று தவில்மேல் சாய்ந்தார். நாயனக்காரரோ வழியெல்லாம் வாந்தி எடுத்ததில் ஊதும் நிலையில் இல்லை. சீர்த்தட்டுகள் சத்தமே இல்லாமல், துக்கவீட்டுக்குப் போவதுபோல உள்ளே நுழைந்தன. அக்கா முகம் செத்துவிட்டது.

மாமியார் இடுப்பில் கை வைத்தார். "இன்னா தம்பி, மேளங்கூட இல்லாத சீரு?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ! "அது எங்க மொறைங்க அத்தை. வளைவுக்கு வளைவு மலைச்சாமிக்கு அடிச்சுக்கினு வரணும். வாசல்ல மட்டும் அடிக்கக் கூடாது, பொண்ணுக்குக் கண்ணு பட்டுடும்."

"ஆமாம், கீழ வளைவுலேருந்தே சத்தம் கேட்டுச்சு" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். மாமியார் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். "ஒவ்வொரு வளைவுக்குமா?"

"ஒண்ணு வுடலீங்க."

அவர் அக்கா பக்கம் திரும்பி, "ஒன் பொறந்த வூட்டுல சாஸ்திரம் ஜாஸ்தியா கீதே. சொல்லவே இல்ல?" என்றார். அக்கா தலையை நிமிர்த்தி, "அதெல்லாம் சொல்லிக்கினு இருப்பாங்களா?" என்றாள்.

திரும்பி வந்து அலைன்மென்ட் கடைக்காரர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து ஸ்டியரிங்கை நேராக்கிக்கொண்டேன். ஹாரனும் இப்போது ஊரை எழுப்புகிறது. ஆனால் நான் சொன்ன பொய்யை நேராக்க எந்தக் கடையிலும் வழியில்லை. அந்த வீட்டில் எந்த விசேஷமானாலும் வளைவுக்கு வளைவு தவில் அடித்தாக வேண்டும். கோவிந்தன் இப்போது வெள்ளிமலை என்றாலே ஆள் மாற்றி அடிக்க இன்னொரு தவில் கேட்கிறார்.

எட்டு, ஒன்பது வருடம் ஓடிவிட்டது. இந்த வருடம் அதே பெண்ணுக்குக் கல்யாணம். சீரோடு வாசலில் இறங்கினேன். மாமியார் குறுக்கே நின்றார்.

"தம்பி, வேப்பமரத்து வளைவுல நீங்க அடிக்கலியாம். பின்னால பைக்ல வந்த பையன் சொன்னான். ஒங்க ஊரு மொறை ஒங்களுக்கே தெரியலியா?"

வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், அந்த வளைவில் அடித்துவிட்டு வந்த பிறகுதான் தட்டை வாங்கினார்.