புயலில் நித்திரை கொள்ளப் பார்த்த கதை

திருகோணமலை
9-1-1965

கர்த்தருக்குள் அன்பான அக்கா அவர்களுக்கு,

தம்பி ஞானசேகரம் பணிவுடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் குணேஸ்வரியும் சுகம். வீடு சுகமில்லை. கூரை துறைமுகப் பக்கம் போனதாகக் கேள்வி.

எங்களை மட்டக்களப்புக்கே வந்துவிடும்படி எழுதியிருந்தீர்கள். வரமாட்டோம். காரணத்தைக் கேளுங்கள். புயலன்று பின்னேரம் காற்று எழும்பினவுடன், "வாங்கோ, பக்கத்து ஜெமீல் நானாவின் கல்வீட்டுக்குப் போவம்" என்று குணேஸ்வரி கெஞ்சினாள். ஆண்டவரே புயலுக்குள் படகில் நித்திரை கொண்டவர், இத்தனை வருஷம் வேதபாடம் படிப்பித்த நான் ஓடுவதா என்று கட்டிலில் படுத்துவிட்டேன், முதலில் ஓடு பறந்தது, போர்வையை இழுத்து மூடினன், பிறகு போர்வையும் பறந்தது, "அவர் எழும்பிக் காத்தை அதட்டினவர், உங்களாலை ஒரு ஆட்டை அதட்ட ஏலுமோ?" எண்டு குணேஸ்வரி கத்துறா, நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நித்திரை கொள்ளுறன், அந்த நேரம் ஜெமீல் கதவை உடைச்சுக்கொண்டு வந்து, "மாஸ்டர், மௌத்தாகப் போறீங்களா? சாகவா படுத்துக் கிடக்கிறீங்க?" எண்டு என்னை அரிசி மூட்டை மாதிரித் தோளிலை போட்டுக்கொண்டு ஓடினார்.

அங்கை தெருச்சனம் முழுக்க அழுதுகொண்டு நிக்குது. எனக்குச் செபமும் வரேல்லை, ஒரு மூலையிலை ஒதுங்கி இருந்திட்டன். ஜெமீலின்ரை மனிசி நஜ்முன் நிஸா ஒரு குழந்தையை என்ரை மடியிலை வைச்சு, இன்னும் ரெண்டைப் பக்கத்திலை இருத்தி, "கதையொண்டு சொல்லுங்க மாஸ்டர், புள்ளைகள் பயப்படுதுகள்" எண்டா. படகுக் கதையைத் தவிர வாயிலை ஒண்டும் வரேல்லை. அதையே சொன்னன். காத்து அடங்கிற இடத்துக்கு வர முன்னமே மூண்டும் நித்திரை. வெளியிலை கடல் இரைஞ்சபடிதான். ஆனா அக்கா, எனக்குப் பயம் விட்டுப்போச்சு. கட்டிலிலை கிடந்து தேடின சமாதானம், அந்தப் பிள்ளையளைச் சாய்ச்சு வைச்சிருக்கேக்கை தானா வந்திட்டுது. இந்தச் சனத்தை விட்டிட்டு எப்பிடி வாறது? கூரைக்குத் தகரம் வாங்கியாச்சு. நானே ஏறி அடிக்கப் போறன்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. எனக்குக் கிடைத்த சமாதானம் உங்கள் வீட்டிலும் தங்கட்டும். இனி எதுவும் என்னை அசைக்காது.

அன்புத் தம்பி,
சா. ஞானசேகரம்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முன்னம் கூரையிலை ஏறினன். சுத்தியல் பெருவிரலிலை விழுந்திட்டுது. கீழை நிண்ட குணேஸ்வரி, "சமாதானம் இருக்கோ?" எண்டு கேட்டா. நான் அவவைத் திட்டிப் போட்ட சத்தத்திலை, புயல் திரும்பிட்டுதெண்டு ஜெமீல் குடும்பத்தோடை வெளியிலை ஓடி வந்திட்டார். கர்த்தரிட்டை மன்னிப்புக் கேட்டாச்சு. குணேஸ்வரியிட்டை இனித்தான்.